சைக்கிள் டியூப் முடிச்சு

தை மாதத்திலிருந்து தனசேகரனின் சட்டைக்கு மாதம்மாள்தான் பட்டன் போட்டுவிடுகிறாள். விடிகாலையில் வாசலில் நின்று புருஷன் நெஞ்சுக்கு நேரே குனிந்து அவள் பட்டன் மாட்டுவதை எதிர்வீட்டிலிருந்து நாத்தனார் கன்னியம்மாள் பார்த்துவிட்டாள். கன்னியம்மாள் கண்ணில் ஒன்று பட்டால் நாவல்பட்டு ஊர் முழுக்கக் கண்ணில் பட்ட மாதிரி.

"இன்னாடி இது, கல்யாணமாயி இருவது வருசம் கழிச்சி புதுசா கொஞ்சல்? எந்தம்பி இன்னா இஸ்கூலுக்கா போறான்?"

"ஆமாண்ணி. டிபன் பாக்ஸ்கூட கட்டி வெச்சிட்டேன். கைய புடிச்சி கூட்டினு போயி வுட்டுட்டு வாங்க."

சிரித்துச் சமாளித்தாள். ஆனால் அது சிரிக்கிற சங்கதி இல்லை என்பது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற பட்டன் தனசேகரனின் விரலுக்குத் தெரியவில்லை. தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வேறு யார் சட்டையையோ பார்க்கிற மாதிரி தன் சட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஜவ்வாது மலையில் தை மாதத்துப் பனி லேசானதில்லை. பல் துலக்கப் போகிறவன் விரல்கள் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். ரத்தம் இருக்கிற கை மாதிரியே இருக்காது. அடுப்பண்டை உட்கார்ந்து காட்டிக் காட்டிச் சூடேற்றினால் கொஞ்ச நேரத்தில் சிவந்து, எறும்பு ஊறுவது போல் ஊறி, ஒருவழியாக உயிர் வரும். ஒருநாள் களி கிண்டிய பானையை அவன் வெறுங்கையால் இறக்கி வைத்தான். "துணி புடிச்சி எறக்கு மாமா, சுடும்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் இறக்கியாகிவிட்டது. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பிய பிறகுதான் பானை சுட்டது என்று அவனுக்கே தெரிந்தது. அன்றைக்கு மாதம்மாளுக்குக் களி இறங்கவில்லை.

தனசேகரன் ஜாக்ஹேமர் ஓட்டுகிறவன். மீசை முளைக்கிற வயதில் பெங்களூருக்குப் போய் ரோடு உடைக்கிற வேலையில் சேர்ந்தான். அங்கே அவன் பிடித்தது உளி மெஷின். தார் ரோடு, சிமென்ட் தரை எல்லாவற்றையும் குத்திப் பெயர்க்கும், அவ்வளவுதான். பிறகு ஊருக்குத் திரும்பி, வாணியம்பாடி பாஷா பாயின் டிராக்டர் கம்ப்ரசரோடு கிணற்று வேலைக்குப் போனான். கிணற்றுக்குள் பிடிப்பது துளை போடுகிற மெஷின். படவேட்டுக் கரும்புக்காட்டுக் கிணறுகளில் பாதி, திருப்பத்தூர் பக்கம் எத்தனையோ, அமிர்திக்குப் போகிற வழியில் சில என்று அவன் துளை போட்டுத் தண்ணீர் பார்த்த கிணறுகள் நிறைய. சொந்தக் கொல்லையில் மட்டும் கிணறு இல்லை.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில வுழுமாம் துள்ளி" என்று கன்னியம்மாள் இதற்கும் ஒன்று வைத்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் மாதம்மாள் அந்த மெஷினைப் பார்த்து, இதற்குள் மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பாஷா பாய்க்கு அப்போது கறுத்த தாடி. எண்ணெய் போடுவதற்காக மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தவர் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மோட்டாரும் இல்ல, ஒண்ணும் இல்ல தங்கச்சி. டிராக்டரு காத்த அழுத்தி ரப்பர் ஓசுல அனுப்புது. உள்ள இந்த இரும்புக் கட்ட இருக்குது பாரு, பிஸ்டனு. காத்து இத மேல தூக்குது, காத்தே கீழ போட்டு அடிக்குது. இது ராடு தலையில அடிக்கும். ராடு கல்லுல குத்தும். அம்மாந்தான்."

"உரல்ல சாம குத்துற மாதிரியா?"

"அதேதான். நீ ஒரு குத்து குத்திட்டு கையால தள்ளி வுடுற இல்ல, சாமைய? இது ஒரு குத்து குத்திட்டு ராட கொஞ்சம் திருப்பிக்கும். அடுத்த குத்து வேற எடத்துல வுழும். அப்பிடியே சுத்தி சுத்தி ஓட்ட உருண்டையா எறங்கும். ராடு நடுவுல பொந்து இருக்குது, அது வழியா காத்து போயி மண்ண வெளிய ஊதிடும். பெங்களூர்ல ரோடு ஒடைக்கிறது திரும்பாது, சும்மா குத்தும். இது திரும்பணும். திரும்பலன்னா ஓட்ட இல்ல."

"எல்லாம் காத்தே செஞ்சா ஆளு எதுக்கு பாய்?"

பாய் சிரித்தார். "புடிக்கிறதுக்கு. அடிக்கிறது காத்து. அந்த அடியில பாதி கல்லுக்குப் போவுது, மீதி புடிச்சவன் கைக்கு வருது."

அப்போது அதை வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டாள். தினமும் கைக்கு வந்த மீதி எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அவர்கள் கொல்லை ஊருக்குக் கீழே சரிவில் இருந்தது. நாலைந்து புளியமரம், மிச்சத்தில் சாமை, கொஞ்சம் கொள்ளு. குடிக்கவும் புழங்கவும் பள்ளத்துச் சுனைதான். மாசி கழிந்தால் சுனை கலங்கும், பங்குனியில் காய்ந்துவிடும். அப்புறம் ஆடி மழை வரைக்கும் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மேடு ஏறி இறங்க வேண்டும். மாதம்மாளுக்கு இடுப்பில் குடம் உட்கார்கிற இடத்தில் தோல் காய்த்துப் போயிருந்தது. போன வருஷம் புருஷனும் அவளுமாக மண்ணை வெட்டிக் கொல்லையிலே ஒரு கிணறு இறக்கினார்கள். இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே கரும்பாறை வந்து மறித்தது. அதோடு நின்றது.

இந்த வருஷம் நோன்பு மாசத்தில் பாஷா பாய் டிராக்டரை மலைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"நோம்பு வெச்சினு வாணியம்பாடி வெயில்ல காயறதுக்கு இங்க மரத்தடியில கெடக்கலாம். கீழ இப்ப வேலையும் கம்மி. பெருநாளு வரைக்கும் வண்டி இங்கதான் நிக்கும். அதுக்குள்ள உங்க கெணத்த முடிச்சிக்க தனா. பெருநாளு முடிஞ்சா படவேட்டாண்ட ஒரு பாலத்து வேலைக்கு ஒத்துக்கினேன்."

மலையில் வெடி வைக்கப் பர்மிஷன் கிடையாது. அதனால் பாறை முழுக்க நெருக்கமாகத் துளை போட்டு, அதில் ஒரு வெள்ளைப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். அது ராத்திரியெல்லாம் உள்ளே உப்பும். காலையில் பாறை பிளந்து கிடக்கும். சத்தமில்லாத வேலை, ஆனால் வெடி வைப்பதை விட மூன்று பங்கு துளை வேண்டும். துளை கூடினால் மெஷின் பிடிக்கிற நேரமும் கூடும்.

ஆள் அமைப்பு இப்படி. மேலே டிராக்டரில் பாய். கிணற்று வாயில் கன்னியம்மாள். கயிற்றில் கட்டிய கூடையில் கல் வந்தால் இழுத்துக் கொட்டுவாள். உள்ளே தனசேகரனும் மாதம்மாளும். கம்ப்ரசர் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்று கயிற்றில் ஒரு மாட்டு மணி கட்டியிருந்தார்கள். ஒரு இழுப்பு என்றால் காற்றை நிறுத்து, இரண்டு என்றால் காற்றை விடு. மாதம்மாள் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, துளை ஆரம்பிக்கும்போது ராடு வழுக்காமல் காலால் அணை கொடுப்பாள். துளை இறங்க இறங்க குட்டை ராடைக் கழற்றி நெட்டை ராடை மாட்டித் தருவாள். புகை மாதிரி கல்மாவு எழும்பும். ஏறி வரும்போது இரண்டு பேரும் சுண்ணாம்புக் காளவாயில் இருந்து வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். கன்னியம்மாள் அதற்கும் சிரிப்பாள்.

வேலை தொடங்கிய மூன்றாம் நாளே மெஷின் அவன் கையிலிருந்து நழுவியது. மாதம்மாளின் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவன் அதை எடுத்து நிறுத்தினான். 

அன்று சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்துக்கு மாதம்மாள் சாமைக்கஞ்சி கொண்டுபோனாள். பாய் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, துஆ ஓதி முடிக்கிறவரைக்கும் காத்திருந்தாள்.

"பாய், கை நோவாத மெஷினு எதுனா இருக்குதா?"

"யாருக்கு?"

"சும்மாதான் கேக்குறேன்."

பாய் கஞ்சியை ஊதிக் குடித்தார். அவருக்குத் தெரியாதா? ஆனாலும் சும்மா கேட்டவளுக்குச் சும்மாவே பதில் சொன்னார்.

"ஹிட்டாச்சி மூக்குல மாட்டுறாங்களே, அது இருக்குது. எண்ணெ அழுத்தத்துல ஓடுறது. ட்ரைவரு சீட்டுல குந்தினு ஏசி போட்டுக்கினு கல்ல ஒடைப்பான். கையி ஒண்ணும் ஆவாது."

"அத கொண்டாந்தா இன்னா?"

"அரே, நம்ம ஒத்தையடிப் பாதையில என் டிராக்டரே நாலு தபா சாமிய கும்ட்டுட்டு வந்துது. அது வர்றதுக்கு ரோடு வேணும். வந்தாலும் கெணத்துக்குள்ள எங்க எறங்கும்? பெட்ரோல் மெஷினு ஒண்ணு இருக்குது, ஓசு வேணாம், கம்ப்ரசரு வேணாம். கெணத்துக்குள்ள ஓட்டுனா பொகையில ஆளு காலி. கரண்ட் மெஷினு இருக்குது. வூட்டுல பாத்ரூம் டைல்ஸ் ஒடைக்கிறது. அது கொஞ்சம் லேசு. என் மச்சான் கடையில கெடக்குது."

"அத கொண்டாங்க பாய்."

கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். புளியமரத்தடியிலிருந்து ஒயரை இழுத்துக் கிணற்றுக்குள் விட்டார்கள். நாவல்பட்டுக் கரண்டில் மிக்சி ஓடினாலே பெரிய விஷயம். மெஷின் முனகியது. பாறையின் மேல் மரங்கொத்தி மாதிரி டொக்டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது. குத்துமே தவிரத் திரும்பாதே, துளை எப்படி விழும்? அரை நாள் தட்டி ஒரு கைப்பிடிச் சில்லு பெயர்ந்தது. கன்னியம்மாள் கூடையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் ஊசியால குத்தினு இருந்திருப்பேன்" என்றாள்.

மறுபடியும் காற்று மெஷினே இறங்கியது. பாய் மாதம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார். தன் வலது கையை நீட்டிக் காட்டினார்.

"பாத்துக்க. இந்த ரெண்டு வெரலு மலையேறிப் போயி பத்து வருசம் ஆச்சி. அதான் நான் டிராக்டர்ல குந்திட்டேன். அவன்கிட்ட சொல்லு, கெட்டியா புடிக்க வேணாம். கெட்டியா புடிக்க புடிக்க அடி கைக்குள்ள ஏறும். கோழிக்குஞ்சு புடிக்கிறாப்ல புடிக்கணும். கையி உணரலன்னா மனுசன் இன்னும் அழுத்திப் புடிப்பான், அதுதான் கேடு. அப்புறம் முக்கியமா ஒண்ணு. ராடு கல்லுல மாட்டிக்கிச்சின்னா மெஷின வுட்டுடணும். ராடு நின்னுட்டா மெஷினு சுத்தும். கைய எடுத்துட்டா வெறும் மெஷினுதான் போவும். அதான் இந்த வேலையில மொத பாடம்."

"அவருக்குத் தெரியாதா பாய்?"

"அவனுக்குத் தெரியும். அவன் கைக்குத் தெரியணுமே."

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குக் கொள்ளு கடைசலும் சாமைச்சோறும். தனசேகரன் தட்டைப் பார்த்துப் பார்த்து உருண்டை பிடித்தான். பார்க்காமல் பிடித்தால் பாதி சிந்தியது.

"வுட்டுடலாம் மாமா. அடுத்த வருசம் ஆள வெச்சி முடிச்சிக்கலாம். இருவது வருசமா தூக்குற கொடம், இன்னும் ஒரு வருசம் தூக்குனா இடுப்பு ஒடிஞ்சிடாது."

"அடுத்த வருசம் பாயி வரணும், வண்டி சும்மா நிக்கணும், எல்லாம் கூடி வரணும். பெருநாளு முடிஞ்சா வண்டி போயிடும். எங் கையும் போயிடும் மே, எனக்குத் தெரியாதா? ரெண்டும் போறதுக்குள்ள ஒரு கெணத்த முடிச்சிட்டா போதும். ஊரான் கெணத்துக்கெல்லாம் குடுத்த கையி. நம்ம கெணத்துக்கு இல்லன்னா எப்பிடி?"

 அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஒண்ணு செய்யி. எங் கைய மெஷினு கைப்புடியோட சேத்து கட்டி வுட்டுடு. வலது கைய மட்டும். நழுவாம இருந்தா நான் ஓட்டிக்குவேன். இடது கையால மெஷினோட காத்துத் தாப்பாள தள்ளிக்கிறேன்."

மறுநாள் ஒரு பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து வைத்துக்கொண்டாள். கிணற்றுக்குள் இறங்கிய பிறகு, மேலே இருந்து பார்த்தால் தெரியாதபடி முதுகைக் காட்டி நின்று, கைப்பிடியோடு அவன் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினாள். போட்டது கன்றுக்குட்டி முடிச்சு. ஒரு முனையைச் சுண்டினால் அவிழ்ந்துவிடும். கன்று கால் சிக்கிக் கத்தினால் ஓடிப்போய் ஒரே இழுப்பில் விடுவிக்க மலையில் எல்லாரும் அதைத்தான் போடுவார்கள்.

மெஷின் அதிர்ச்சியில் அந்த முடிச்சு நிற்கவில்லை. ஒரு துளை போடுவதற்குள் மூன்று தடவை தானாகவே அவிழ்ந்தது. ஒவ்வொரு தடவையும் மணியை இழுத்துக் காற்றை நிறுத்தி, மறுபடி கட்டி, மறுபடி மணி. "இன்னாடி கீழ, பூசையா நடக்குது?" என்று கன்னியம்மாள் கத்தினாள். இரண்டு நாள் அப்படியே போயிற்று. பிறை பார்க்க நான்கைந்து நாள்தான் இருந்தது. பாறை இன்னும் ஒரு முழம்கூடத் தாழவில்லை.

"இழுத்தா வராத முடிச்சா போடு" என்றான்.

"வேணாம் மாமா. பாயி சொன்னாரு..."

"பாயி மேல குந்தினு இருக்காரு. போடு மே. ஒன்ன கெஞ்சிக் கேக்குறேன்."

இருபது வருஷத்தில் அவன் அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. அதற்காகக் கட்டினாள் என்று பின்னால் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அது முழு உண்மை இல்லை. கிணறு அவளுக்கும் வேண்டியிருந்தது. சாகிறவரைக்கும் மேடேறித் தண்ணீர் தூக்க அவளுக்கு மனசில்லை. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான் என்று அவன் எவ்வளவு நினைத்தானோ அவ்வளவு அவளும் நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு டியூபை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டாள்.

ஒரு துளை நன்றாக இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதில் நெட்டை ராடு மாட்டி முக்கால்வாசி போனபோது சத்தம் மாறியது. அதுவரைக்கும் கணீர் கணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தது, சொத்தென்று அடித்தது. வெளியே வந்துகொண்டிருந்த உலர்ந்த மாவு நின்று, ஈரமாக ஒரு கொத்து மண் வந்து விழுந்தது. அவள் காதுக்குத் தெரிந்தது. அவன் கைக்குத் தெரியவில்லை. "மாமா!" என்று அவள் வாயைத் திறந்ததும் ராடு நின்றுவிட்டது. மெஷின் சுற்றியது.

கை கட்டியிருந்ததால் அவனும் அதோடு சுற்றினான். பாறையில் தோள் மோதி, முட்டி போட்டு விழுந்தான். மாதம்மாள் பாய்ந்து காற்றுத் தாழ்ப்பாளைத் தள்ளினாள். ஒரு கையால் மணியைப் பிடித்து இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள். மேலே கம்ப்ரசர் அடங்கியது. கிணற்றுக்குள் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை.

அவன் மணிக்கட்டு இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லை. டியூப் முறுக்கேறிச் சதைக்குள் புதைந்திருந்தது. அவள் நகத்தால் பிராண்டினாள். பல்லால் கடித்தாள். ரப்பர் வழுக்கியது.

"அண்ணி! கொடுவா போடுங்க! கூடையில வெச்சி எறக்குங்க!"

கொடுவாள் வந்து இறங்குவதற்குள் தனசேகரன் அவளைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னான்.

"அவசரப்படாத மே. நோவல."

அவன் அலறியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு நிற்கிற கையை வைத்துக்கொண்டு நோவவில்லை என்கிறானே என்றுதான் அவள் ஓவென்று அழுதாள்.

பாய் நோன்போடு நோன்பாக ஊரில் ஒரு பைக்கை வாங்கி, அவனை நடுவில் உட்காரவைத்து ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுபோனார். பின்னால் அவள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருப்பத்தூர். ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். மறுநாள் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்து, நல்லாயிருக்கிற இடது கையைப் பிடித்து விரல் விரலாக ஊசியால் தொட்டார்.

"தெரியுதாங்க?"

"தெரியுதும்மா."

"இது?"

"தெரியுது."

"இப்ப கண்ண மூடிக்கங்க."

கண்ணை மூடிக்கொண்டான். டாக்டரம்மா ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டே போனார். அவன் டாக்டரம்மா எப்போது ஆரம்பிப்பார் என்று காத்துக்கொண்டிருந்தான். மாதம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒடஞ்ச கை சேந்துடும்" என்று டாக்டரம்மா வெளியே வந்து அவளிடம் சொன்னார். "உணர்ச்சி திரும்புறது கஷ்டம்மா. ரெண்டு கையிலயும் நரம்பு ரொம்ப கெட்டுப் போயிருக்கு. இனிமே அந்த மெஷின் பக்கமே அவர் போகக்கூடாது."

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பாய் உட்கார்ந்திருந்தார். அவனை மேலே தூக்க இறங்கியபோது அறுத்த டியூப் துண்டை அவர் கிணற்றுக்குள் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி அதுவரைக்கும் பேசவில்லை.

"உன்கிட்ட அம்மாந்தூரம் சொன்னேனே தங்கச்சி" என்றார்.

"நாந்தான் கட்டுனேன் பாய்."

"அவன் கேட்டிருப்பான்."

"கேட்டாரு. கட்டுனது நானு. அவுராத முடிச்சி போட்டது நானு."

பாய்க்குக் கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் டீ வாங்கிக்கொண்டு வந்தார். நோன்பு அவருக்கு. அவள் குடிக்கிறவரைக்கும் நின்றார்.

பெருநாள் வந்து போயிற்று. அதற்கு மறுநாள் பாய் டிபன் கேரியரில் சேமியாப் பாயாசத்தோடு மலைக்கு வந்தார். படவேட்டு வேலைக்கு வண்டியை எடுக்க வேண்டும். மெஷின் இன்னும் ராடோடு கிணற்றுக்குள்ளேயே நின்றது. ஆட்டைப் பார்க்க ஆளில்லை என்று மாதம்மாள் அன்று ஆஸ்பத்திரியில் கன்னியம்மாளை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள்.

இருமலோடு பாயே இறங்கினார். மெஷினைக் கழற்றி மேலே அனுப்பினார். ராடில் பைப் ரென்ச்சைப் போட்டு முன்னும் பின்னுமாக ஆட்டினார். அசையவில்லை. மாதம்மாளும் இறங்கி ஒரு பக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் தம் பிடித்து ஆட்ட, கறக் என்று ஒரு திருப்பம் கொடுத்தது. பிறகு இளகி, கையோடு மேலே வந்தது. துளை வாயில் ஒரு குமிழ் வந்தது. இன்னொரு குமிழ். அப்புறம் சேற்று நிறத்தில் தண்ணீர் வழிந்து, பாறைமேல் படர்ந்து, அவள் கால் விரலைத் தொட்டது. சிலீரென்று இருந்தது.

அவள் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"கல்லு வெடிச்சிருக்கிற எடத்துலதான் ராடு மாட்டும்" என்றார் பாய், மூச்சு வாங்கிக்கொண்டே. "அந்த வெடிப்புலதான் தண்ணியும் ஓடும். கையி நல்லாருக்கறவனுக்கு வெடிப்பு வந்ததும் உள்ளங்கையில தெரிஞ்சிடும், மெல்லமா வாங்கிக்குவான். தனா அந்தக் காலத்துல வெடிப்பு வந்தா எனக்கு முன்னயே சொல்லுவான், பாய் தண்ணி வருதுன்னு."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று பாய்க்குத் தோன்றியது. சுளுவாக வந்திருக்க வேண்டிய தண்ணீர் என்பதை மாதம்மாள் வாழ்நாளெல்லாம் மறக்கப் போவதில்லை. குடிக்கிற ஒவ்வொரு சொம்பிலும் அது இருக்கும்.

சித்திரை பிறந்த பிறகு அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிணற்றில் இடுப்பளவு தெளிந்த தண்ணீர் நின்றது. அன்று காலையிலேயே மாதம்மாள் இறைத்து, கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி நிறைய ஊற்றி வாசலில் வைத்தாள். வந்ததும் முதலில் அவன் கண்ணில் அதுதான் படவேண்டும் என்று ஆசை. பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன பஸ் மலையேற்றத்தில் எங்கேயோ நின்றுபோய், கன்னியம்மாளும் அவனும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும்போது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

கால் கழுவத் தண்ணீர் மொள்ளலாம் என்று சொம்பைத் தொட்டியில் விட்டாள்.  காலையிலிருந்து வெயிலில் நின்ற தண்ணீர், பிள்ளை பெற்றவளுக்கு விளாவி வைத்த வெந்நீர் மாதிரி சுட்டது. இதைக் கொட்டிவிட்டுப் புதிதாக இறைத்து வரலாம் என்று அவள் தொட்டியைப் பிடிப்பதற்குள் தனசேகரன் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். கட்டுப் போட்ட வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது கையை மணிக்கட்டு வரைக்கும் தண்ணீருக்குள் விட்டான். கண்ணை மூடினான்.

"அடாடா... இன்னா சில்லுப்பு மே! கல்லுத் தண்ணி கல்லுத் தண்ணிதான்."

மாதம்மாள் சொம்பைப் பிடித்தபடி நின்றாள்.

கன்னியம்மாள் பையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "எங்க, நானும் பாக்குறேன்" என்று தம்பி கைக்குப் பக்கத்தில் தன் கையை விட்டாள். விட்ட வேகத்தில் எடுத்தாள். அவள் வாய் திறந்தது. தம்பி முகத்தைப் பார்த்தாள். பிறகு மாதம்மாளைப் பார்த்தாள். காலையில் போட்டுவிடுகிற சட்டைப் பட்டன், கிணற்றுக்குள் அடிக்கடி நின்ற காற்று, கொடுவாள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குப் புரிந்துகொண்டே வருவது மாதம்மாளுக்குத் தெரிந்தது.

"ஆமாண்டா தம்பி" என்றாள் கன்னியம்மாள்.  "ஐஸு போட்டாப்ல இருக்குது."

"நான் சொன்னேன்ல?"

"அது கல்லுக்கு அடியில இருந்து வர்ற தண்ணி மாமா" என்றாள் மாதம்மாள். "அப்பிடித்தான் இருக்கும்."

அவன் கையை எடுக்கவில்லை. தண்ணீருக்குள் விரல்களை விரித்து மூடிக்கொண்டிருந்தான். மாதம்மாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டோ தூசி படிந்த அவன் சட்டையின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கன்னியம்மாள் எழுந்து எதிர்வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.